நாக்கால் பார்த்த தண்ணீர்

“தீவிலையிருந்து வாறீர். உவர்த் தண்ணி குடிச்சு வளந்த நாக்கு. உப்பு எது, தண்ணி எது எண்டு உமக்குப் பிரிச்சுத் தெரியுமோ?”

ஆய்வுகூட உதவியாளர் வேலைக்கான நேர்முகத் தேர்வில், மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த மூவரில் வயதானவர் இப்படிக் கேட்டார். கேட்டுவிட்டுப் பக்கத்திலிருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். தவளைத் தோலினூடாகச் சோடியம் எப்படிக் கடக்கிறது, எந்த ஓமோன் அதைக் கூட்டிக் குறைக்கிறது என்று பார்க்கும் ஆய்வு அது. உப்பைப் பற்றிய வேலைக்குச் சுருவில் என்ற தீவுக் கிராமத்திலிருந்து ஒருத்தி வந்திருக்கிறாள் என்பது அவருக்குப் பகிடியாகப் பட்டிருக்க வேண்டும்.

எனக்கு முகம் சுட்டது. “உப்பை நாக்காலை அளக்கிறேல்லை சேர், மீற்றராலை அளக்கிறது,” என்றேன்.

அவர் சிரிப்பை நிறுத்தினார். நடுவில் இருந்த பெண், அதுவரை ஒன்றும் பேசாதவர், என் பெயருக்கு நேரே ஏதோ குறித்துக்கொண்டார். வேலை கிடைத்தது. அந்தப் பதிலை இரண்டு வருடம் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். இப்போது சொல்வதில்லை.

ஓய்வு பெற்றவர்கள்தான் வழக்கமாக இப்படி எழுதுவார்கள். எனக்கு முப்பத்திரண்டு வயது. நான் ஓய்வு பெறவில்லை, என் வேலைதான் ஓய்வு பெற்றுவிட்டது. உயிருள்ள தவளையைக் கொன்று தோல் எடுக்க இனி இலகுவில் அனுமதி கிடைக்காது. ஆய்வுகூடத்தில் வளர்த்த உயிர்க்கலங்களை வைத்து அதே கேள்வியைக் கேட்கலாம் என்று ஆகிவிட்டது. அதற்கான வசதி எங்களிடம் இல்லை. எட்டு வருடம் கையாண்ட கருவிகளைப் போன மாதம் பஞ்சு வைத்துப் பெட்டியில் அடுக்கிப் பெயர் எழுதி ஒட்டினேன். துறையின் மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டவள் கௌசி. இந்தக் கதை நடந்தபோது முதுகலை மாணவி, இப்போது அங்கேயே விரிவுரையாளர். “உப்புக் கதையை விடாமல் எழுதுங்கோ அக்கா,” என்றும் சொன்னாள். அவள் சொல்லியிராவிட்டால் விட்டிருப்பேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து வளர்ந்த அப்பாவுக்குத் தன் பெயரை மட்டும் எழுத வரும். அம்மாவுக்கு அதுவும் வராது. அவளுடைய கிளினிக் கொப்பியை நான்தான் வாசித்துச் சொல்வேன். விலங்கியல் படித்துப் பட்டம் பெற்றேன் என்பதை இங்கே ஒரு வரியில் முடித்துக்கொள்கிறேன். அந்த ஒரு வரிக்காக அப்பா எத்தனை புகையிலைக் கன்றுக்குத் தண்ணீர் இறைத்தார் என்பது அவருக்கே தெரியாது.

அம்மாவுக்கு என் வேலை அது முடியும்வரை பிடிபடவில்லை. தவளைகளுக்கு வைத்தியம் பார்க்கிறேன் என்றே நினைத்தாள். மாலையில் படலையைத் திறக்கும்போது, “இண்டைக்குத் தவளையளுக்கு எப்பிடி, சுகமோ?” என்பாள். அவளுக்கு இரத்தப் பிறசர் இருந்தது. கிளினிக்கில் உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தார்கள். கறிக்குப் பாதி உப்புத்தான் போட்டாள். குளிசையும் தவறாமல் எடுத்தாள். ஆனாலும் கொப்பியில் எண் இறங்கவில்லை. ஒளித்து ஊறுகாய் தின்கிறாள் என்று நான் சந்தேகப்பட்டு, ஒரு முறை வாய்விட்டும் சொல்லிவிட்டேன். அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

எங்கள் ஆய்வுகூடம் பல்கலைக்கழகத்தில் இருக்கவில்லை. தீவுக் குளங்களில் பிடித்த தவளைகள் வெயிலில் பாலம் தாண்டிப் போவதற்குள் வாடிப்போயின. அதனால் தீவிலேயே, வேலணையில், வெளிநாட்டில் இருக்கும் ஒரு குடும்பத்தின் பூட்டிக் கிடந்த வீட்டைக் கேட்டு வாங்கினார்கள். தெற்கில் கடை வைத்திருந்தவர்கள் கட்டிய வீடு. ஹோலில் அவர்களுடைய பெரிய சாப்பாட்டு மேசையில் எங்கள் கருவி. பின் விறாந்தையில் இரண்டு சீமெந்துத் தொட்டிகள். வீட்டையும் தண்ணீரையும் பார்த்துக்கொள்ள அயலில் இருந்த கந்தையா அண்ணை.

வேலை இதுதான். தவளையின் மூளையையும் முதுகுத்தண்டிலுள்ள முண்ணாணையும் ஊசியால் அழித்த பின், வயிற்றுத் தோலைக் கிழியாமல் உரிக்க வேண்டும். அதை இரண்டு பாதிகளாக உள்ள ஒரு கண்ணாடிக் கூட்டின் நடுவே, பறைக்குத் தோல் இழுப்பதுபோல், சுருக்கமில்லாமல் வைத்து இறுக்க வேண்டும். விளிம்பு நசுங்கினால் தோல் ஒழுகும். அன்றைய நாள் வீண். இரு பக்கமும் தவளையின் உடல்நீரை ஒத்த ஒரே உப்புக் கரைசல். காற்றுக் குமிழி விட வேண்டும். உயிர் போன தவளையின் தோல் அந்தக் கூட்டுக்குள் மணிக்கணக்காக உயிரோடிருந்து, வெளிப்புறத்திலிருந்து சோடியத்தை எடுத்து உட்புறம் தள்ளிக்கொண்டேயிருக்கும். அதனால் தோலின் இரு பக்கத்துக்கும் இடையே ஒரு மின்னழுத்தம் பிறக்கும். அதைச் சமப்படுத்திப் பூச்சியமாக்க எவ்வளவு மின்னோட்டம் கொடுக்க வேண்டியிருக்கிறதோ, அவ்வளவு சோடியம் கடக்கிறது என்று கணக்கு.

அல்டோஸ்டெரோன் என்ற ஓமோனை உட்புறக் கரைசலில் ஒரு துளி விட்டால் இந்தக் கடத்தல் கூடும். உடனே அல்ல. ஒரு மணி நேரத்துக்கு எண் அசையாது. ஓமோன் பழசாகிவிட்டதா, தோல் செத்துவிட்டதா, கரண்ட் நின்றுவிடுமா என்று நினைத்துக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு மெல்ல ஏறத் தொடங்கும். கடைசியில் வெளிப்புறத்தில் அமிலோரைட் என்ற மருந்தைச் சேர்ப்போம். சோடியத்தின் வாசலை அது அடைத்துவிடும். எண் கண்முன்னே சரியும். சரிந்தால்தான் நாங்கள் அவ்வளவு நேரம் அளந்தது சோடியத்தைத்தான் என்று நிச்சயம்.

நேர்முகத் தேர்வில் பேசாமல் இருந்த அந்தப் பெண்தான் யசோதரா மிஸ், ஆய்வின் பொறுப்பாளர். வியாழக்கிழமைகளில் வருவார். செருப்பைக் கழற்றி வாசலில் இணையாக வைப்பார். மீற்றரைத் தான் பார்க்க மாட்டார். அதற்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, “வாசியும்,” என்பார். எண்ணைச் சொல்வேன். “திரும்ப.” மறுபடி பார்த்துச் சொல்வேன். இரண்டும் ஒத்தால் எழுதலாம், பேனையால் மட்டும். பிழையானால் ஒற்றைக் கோடு, கீழே இருப்பது தெரியும்படி. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வர வேண்டிய இடத்தில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைப்பார். அந்தத் துடைப்பு நீண்டால் பிழை பெரியது.

இரண்டு தொட்டிகளில் ஒன்றில் நன்னீர், மற்றதில் நாங்களே அளந்து கலந்த உப்பு நீர். தவளைகள் மூன்று கிழமை அவற்றில் இருக்கும். நன்னீரில் இருக்கும் தவளைக்கு உப்புக் கிடைப்பது அரிது. அதன் உடம்பே அல்டோஸ்டெரோனை நிறையச் சுரந்து தோலைத் தயாராக வைத்திருக்கும். அதன் தோல் ஆரம்பத்திலேயே நல்ல மின்னோட்டம் காட்டும். நாங்கள் ஓமோன் விட்டாலும் பெரிதாக ஏறாது. உப்பு நீரில் இருக்கும் தவளைக்கு அந்த ஓமோன் தேவையில்லை. அதன் தோல் மந்தமாகத் தொடங்கி, ஓமோன் விட்டதும் நன்றாக ஏறும். முதல் இரண்டு மாரிகாலங்களிலும் எல்லாம் இப்படியே வந்தது.

மூன்றாம் வருடம் கோடைச் சோளகக் காற்று தொடங்கியபோது தண்ணீரின் உப்பை அளக்கும் மீற்றர் பழுதாகி, திருத்தக் கொழும்புக்குப் போனது. அதே நாள்களில் நன்னீர் கொண்டுவரும் பவுசர் லொறி ஒழுங்காக வரவில்லை. கந்தையா அண்ணை கொஞ்சம் தள்ளியிருந்த ஒரு வளவுக் கிணற்றில் அள்ளி எங்கள் பரல் பீப்பாயை நிரப்பினார்.

“நல்ல தண்ணி பிள்ளை. நான் ஒரு செம்பு குடிச்சுப் பாத்தனான்,” என்றார்.

நானும் கையில் ஏந்திக் குடித்துப் பார்த்தேன். நல்ல தண்ணீர்தான். எங்கள் வீட்டுக் கிணற்றைவிட நல்லது. நன்னீர்த் தொட்டிக்கு அதையே விட்டோம். ஒவ்வொரு நாளும் ஒரு மிடறு குடித்துப் பார்த்து, பதிவேட்டில் ‘நன்னீர் - சரி’ என்று எழுதிக் கையொப்பம் வைத்தேன். எதனால் பார்த்தேன் என்று எழுதவில்லை. அதற்கு அந்தப் பதிவேட்டில் நிரல் இருக்கவில்லை.

அந்த முறை நன்னீர்த் தவளைகளின் தோல், உப்பு நீர்த் தவளைகளின் தோலைப் போலவே நடந்துகொண்டது. மந்தமாகத் தொடங்கி, ஓமோனுக்கு ஏறியது. ஒன்றிரண்டு அல்ல, எடுத்த தோலெல்லாம். கௌசி கோப்பாயிலிருந்து கிழமையில் இரண்டு நாள் பஸ்ஸில் வந்து இந்த அளவைகளை வைத்துத்தான் தன் ஆய்வை எழுதிக்கொண்டிருந்தாள். முதலில் பயந்தாள். பிறகு அவளுக்கு ஒரு யோசனை வந்தது. தீவுக் குளங்கள் ஒவ்வொரு கோடையிலும் உவர் ஆகின்றன. தலைமுறை தலைமுறையாக அதில் வாழ்ந்த தவளை, நல்ல தண்ணீரில் விட்டாலும் உவர்த் தவளையாகவே இருக்கிறதோ? முந்திய வருடங்களின் தவளைகள் மாரியில் பிடித்தவை, இவை கோடையில் பிடித்தவை என்று அந்த வித்தியாசத்துக்கும் காரணம் கண்டுவிட்டாள். மிஸ், இன்னொரு தொகுதி பார்க்காமல் நம்ப மாட்டேன் என்றார். ஆனால் வெளிநாட்டு மாநாடு ஒன்றுக்குச் சுருக்கம் அனுப்பலாம் என்று ஒத்துக்கொண்டார். அது எடுபட்டால் கௌசிக்கு அங்கேயே மேற்படிப்புக்கு இடம் கிடைக்கும் என்ற பேச்சும் இருந்தது. அனுப்பக் கடைசி நாள் ஒரு புதன்கிழமை.

எனக்கு அவளைவிடச் சந்தோஷம். எங்கள் தவளை, எங்கள் குளம். நேர்முகத் தேர்வில் சிரித்த அந்தப் பெரியவர் இதை வாசிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

அந்தப் புதனுக்கு முந்திய திங்கட்கிழமை, மதியம். கௌசி எப்போதும் தன் தண்ணீர்ப் போத்தலைக் கொண்டுவருவாள். அன்றைய வெக்கையில் அது முடிந்துவிட்டது. பரலில் அள்ளிக் குடிக்கச் சொன்னேன். ஒரு வாய் எடுத்தவள் முற்றத்துக்கு ஓடித் துப்பினாள்.

“அக்கா, இது உப்பு.”

“உமக்குக் கோப்பாய்த் தண்ணி குடிச்சுப் பழக்கம். எங்கடை தண்ணி பிடிக்காது,” என்று சிரித்தேன். அவளும் சிரித்தாள். அதோடு மறந்துவிட்டாள்.

அவள் பஸ்ஸுக்குப் போனதும் பரலிலிருந்து குடித்துப் பார்த்தேன். உப்பில்லை. இன்னொரு மிடறு. உப்பில்லை. அவள் துப்பிய தண்ணீரில் என் நாக்குக்கு ஒன்றும் தெரியவில்லை என்பதுதான் எனக்குப் பயத்தைத் தந்தது.

உப்பிருந்தால் பால்போலத் திரளவைக்கும் வெள்ளி நைத்திரேற்றுக் கரைசல் இருந்தது. மூன்று சோதனைக் குழாய்களை எடுத்தேன். ஒன்றில் காய்ச்சி வடித்த நீர், ஒன்றில் முந்திய பவுசர் தண்ணீரில் மிச்சம், மூன்றாவதில் பரல் தண்ணீர். ஒவ்வொன்றிலும் இரண்டு துளி. முதலாவது தெளிவாகவே இருந்தது. இரண்டாவதில் புகைபோல ஒன்று படர்ந்தது. மூன்றாவது, துளி விழுந்த இடத்திலேயே பாலாகத் திரண்டது. கழுவிவிட்டு மறுபடி செய்தேன். மறுபடியும் பால்.

தவளைகளில் விசேஷம் ஒன்றுமில்லை. நான் அவற்றை வாரக்கணக்காக உவர் நீரில் விட்டுவிட்டு நன்னீர் என்று கையொப்பம் வைத்திருக்கிறேன். என் நாக்குக்குத் தெரியாத உப்பு தவளைத் தோலுக்குத் தெரிந்திருக்கிறது.

அன்றைக்கே கௌசிக்குத் தொலைபேசி எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் குழுவில் அந்தப் பெரியவர் இருந்தார். ‘நான் அண்டைக்கே கேட்டனான்’ என்று அவர் சொல்வது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. குழாய்களைக் கழுவிக் கவிழ்த்தேன். செவ்வாய்க்கிழமை, வெள்ளி நைத்திரேற்று பழசாக இருக்கலாம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பழசான கரைசல் பாலைக் குறைக்குமே தவிரக் கூட்டாது என்று எனக்குத் தெரியும். பதிவேட்டில் அன்றும் ‘நன்னீர் - சரி’ என்று எழுதப்போய், ‘நன்’ வரை எழுதிவிட்டுப் பேனையை வைத்தேன். புதன்கிழமை கௌசி அனுப்பிவிடுவாள் என்று தெரிந்தும், வியாழன் மிஸ் வருவாரே, அவரிடமே சொல்லலாம் என்று ஒரு சாட்டுக் கண்டுபிடித்தேன். சோற்றைப் பாதியில் விட்டு எழுந்தேன். “தவளையளுக்கு வருத்தம் கடுமையோ?” என்று அம்மா கேட்டாள். ஓம் என்றேன்.

வியாழக்கிழமை மிஸ் செருப்பைக் கழற்றி வைத்து நிமிர்வதற்குள் சொல்லத் தொடங்கினேன். அவர் பதிவேட்டைக் கேட்டு வாங்கி, கதிரையில் இருந்து, பக்கம் பக்கமாகப் பார்த்தார்.

“மீற்றர் இல்லாத நாளுகளிலை என்னத்தாலை பாத்தனீர்?”

“நாக்காலை, மிஸ்.”

“திரும்ப.”

“நாக்காலை.”

மிஸ் எழுந்து பரலடிக்குப் போனார். ஒரு விரலை நனைத்து வாயில் வைத்தார். முகம் சுளிக்கவில்லை. திரும்பி வந்து கண்ணாடியைக் கழற்றினார்.

“எண்டைக்குத் தெரிஞ்சது?”

“திங்கக்கிழமை.”

அப்போதுதான் துடைக்கத் தொடங்கினார். வெளியே பஸ் ஒன்று வந்து, நின்று, போனது. அவர் இன்னும் துடைத்துக்கொண்டிருந்தார்.

“கௌசி நேற்று அனுப்பிப்போட்டாள்,” என்றார். “தண்ணி பிழைச்சது பிழைதான். அதை நான் பொறுப்பன். மீற்றர் இல்லாமல் வேலையைத் தொடர விட்டது நானும்தான். அந்த மூண்டு நாளை என்னாலை பொறுக்க ஏலாது. அது உம்முடைய கணக்கு. அவளுக்கு நீர்தான் சொல்ல வேணும்.”

பிறகு என்னைப் பதிவேட்டின் முன் இருத்தினார். மீற்றர் போன நாளிலிருந்து ஒவ்வொரு பதிவிலும் ‘நன்னீர் - சரி’ என்பதன் மேல் ஒற்றைக் கோடு. பக்கத்தில் ‘நாக்கால் பார்த்தது’. அதன் கீழ் அன்றைய திகதியில் கையொப்பம். நான் ஒவ்வொன்றையும் எழுதி முடித்து வாசிக்க, அவர் முதுகைக் காட்டி நின்று கேட்டார். கந்தையா அண்ணை வாசலில் வந்து நின்று, தானும் குடித்ததை எழுதச் சொன்னார். என்னைக் காப்பாற்றுவதாக நினைத்திருப்பார். மிஸ், “அதையும் எழுதும்,” என்றார்.

கௌசி மறுநாள் வந்தாள். நடந்ததைச் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

“நான் துப்பினபோதே உங்களுக்குத் தெரியுமோ அக்கா?”

“அப்ப தெரியாது. நீர் போனாப் பிறகு தெரியும்.”

“அப்ப புதன்கிழமைக்கு முந்தித் தெரியும்.”

ஓம் என்றேன். அவள் தன் போத்தலை எடுத்துப் பைக்குள் வைத்துவிட்டு, வந்த பஸ்ஸிலேயே திரும்பிப் போனாள்.

சுருக்கத்தைத் திரும்பப் பெறும் கடிதத்தை மிஸ் எழுதினார். பிழை ஆய்வுகூடத்தினுடையது, மாணவியினுடையது அல்ல என்று இரண்டு வரி. தன் கையொப்பத்துக்குக் கீழே என் கையொப்பத்துக்கும் இடம் விட்டிருந்தார். வைத்தேன். கௌசிக்கு வெளிநாட்டு இடம் கிடைக்கவில்லை. அந்த மாரியில் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தோம். திருத்தி வந்த மீற்றரால் காலையும் மாலையும் அளந்த நல்ல தண்ணீரில், தீவுத் தவளையின் தோல் வேறெந்த ஊர்த் தவளையின் தோலையும் போலவே நடந்துகொண்டது. அவள் ஆய்வேடு ஒரு வருடம் பிந்தியது. அந்த ஒரு வருடமும் அவள் என்னோடு வேலை பேசினாள், வேறொன்றும் பேசவில்லை. ஆய்வேட்டைக் கொடுத்த அன்று, தன் போத்தலை என் பக்கம் நீட்டி, “குடிச்சுப் பாருங்கோ, இதுதான் நல்ல தண்ணி,” என்றாள். குடித்தேன். சப்பென்று இருந்தது. அதைச் சொன்னேன். அன்றைக்குத்தான் மறுபடி சிரித்தாள்.

ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார்கள். பெரியவர் ஒன்றும் கேட்கவில்லை. மிஸ் அவரிடம் என்ன சொன்னார், சொன்னாரா என்பது எனக்குத் தெரியாது. அந்தப் பதிவேட்டில் நானே ஒரு நிரல் கீறினேன்: ‘எதனால் பார்த்தது’. வேலை முடியும்வரை ஒரு நாளும் அதை வெறுமையாக விடவில்லை.

போன மாதம் கருவிகளைக் கட்டி முடித்த பின், உப்பு மீற்றரை மட்டும் கையெழுத்து வைத்து இரவலாகக் கேட்டேன். மிஸ் எடுத்துத் தந்தார். வீட்டுக்குக் கொண்டுபோய், எங்கள் கிணற்றில் ஒரு வாளி அள்ளி, மீற்றரின் நுனியை விட்டேன். எண்ணைப் பார்த்தேன். மிஸ் பின்னால் நிற்பதுபோல மறுபடி பார்த்தேன். அந்தக் கோடையில் நான் நன்னீர் என்று கையொப்பம் வைத்து, மீற்றர் திரும்பி வந்ததும் அளந்து பார்த்த பரல் தண்ணீரைவிட இதில் உப்புக் கூட. பிறந்ததிலிருந்து நான் குடிப்பது. அம்மா கலியாணம் முடித்து வந்த நாளிலிருந்து குடிப்பது. எந்த ஓமோன் தவளையின் தோலில் வேலை செய்கிறதோ, அதே ஓமோன்தான் மனிதச் சிறுநீரகத்திலும் உப்பைப் பிடிக்கிறது என்பதை எட்டு வருடமாக வருகிற மாணவருக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தவள் நான். குசினிக்குள் இருந்த குடத்தை ஒரு நாளும் அளந்து பார்க்கவில்லை. ஊறுகாய் என்று அவளைச் சந்தேகப்பட்டேன்.

இந்தத் தண்ணீர்தான் காரணம் என்று சொல்ல என்னிடம் இன்னும் ஆதாரமில்லை. ஒரு முறை அவசரப்பட்டு எங்கள் தீவைப் பற்றிப் பெருமைப்பட்டவள், இன்னொரு முறை அவசரப்பட்டுப் பயப்படக் கூடாது. அளக்க வேண்டும். சுருவிலிலும் அயலிலும் கிணறு கிணறாக, வீட்டிலுள்ளவர்களின் பிறசரோடு சேர்த்து. அதற்கான ஆய்வுப் பட்ட விண்ணப்பத்தைப் போன திங்கட்கிழமை கையளித்துவிட்டேன். மேற்பார்வையாளர் என்ற இடத்தில் மிஸ்ஸும், அவருக்குக் கீழே கௌசியும் கையொப்பம் வைத்திருக்கிறார்கள்.

அம்மாவுக்கு இப்போது பவுசர் தண்ணீர்தான். “என்ன தண்ணி இது, ஒரு ருசியுமில்லை,” என்று ஒவ்வொரு முறையும் முறைப்பாடு சொல்லிக்கொண்டே குடிக்கிறாள். எனக்கும் அப்படித்தான் இருக்கிறது என்று அவளிடம் சொல்லவில்லை. அலுமாரிக்கு மேல் வரிசையாகப் போத்தல்கள் வைத்திருக்கிறேன். முதலாவதில் எங்கள் கிணற்றுத் தண்ணீர். ஒட்டிய தாளில் திகதி, வளவு, என் கையொப்பம். கடைசி வரியில், எதனால் பார்த்தது: மீற்றர்.